நூறு பேர் அழைத்தால் எத்தனை பேர் விடுகிறார்கள்?

சாத்தான்குளத்தில் எந்தப் பெட்டிக்கடையில் சிகரெட் பாக்கெட் வாங்கினாலும் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கும். 2018 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பீடிக் கட்டு, புகையிலைப் பொட்டலம் உட்பட எல்லாவற்றிலும் இது இருக்கவேண்டும் என்பது சட்டம். புகையிலையை விட நினைப்பவர்கள் இந்த எண்ணில் காசில்லாமல் பேசலாம். 2016 மே 30 அன்று டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய இந்தச் சேவை 2018இல் மும்பை, குவாஹாட்டி, பெங்களூரு என்று விரிந்தது. தமிழில் பேசுகிறவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து பதில் வரும்.

அந்தப் பக்கம் இருக்கும் ஆலோசகர் புத்திமதி சொல்வதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, முன்பு விட்டுப் பார்த்ததுண்டா, எதனால் திரும்பத் தொட்டீர்கள் என்று கேட்பார். பேசிப் பேசி, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்க வைப்பார். அதற்குப் பிறகு அவர்களே கூப்பிடுவார்கள். இந்தத் திரும்ப அழைப்புதான் சேவையின் உயிர்நாடி. நாம் அழைக்கும்போது மட்டும் பேசும் சேவையும் உண்டு. ஆய்வுகளில் நல்ல பலன் தெளிவாகத் தெரிவது, குறித்த நாளை ஒட்டிப் பலமுறை தேடி வந்து பேசும் முறையில்தான்.

சரி, இதனால் ஆட்கள் உண்மையில் விடுகிறார்களா? எளிய கேள்விதான். ஆனால் பதிலாக ஒரு சதவீதத்தை யாராவது நீட்டினால் உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. நூறு பேர் அழைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களைத் தேடிக் கூப்பிட்டால் நாற்பது பேர்தான் எடுக்கிறார்கள். அதில் பதினாறு பேர் "விட்டாச்சு" என்கிறார்கள். வெற்றி எவ்வளவு? எடுத்த நாற்பதில் பதினாறு என்றால் 40 சதவீதம். அழைத்த நூறில் பதினாறு என்றால் 16 சதவீதம். இரண்டும் கணக்குப்படி சரி. விளம்பரத்தில் வருவது எது என்று சொல்லவேண்டியதில்லை.

எடுக்காத அறுபது பேர் எங்கே போனார்கள்? மணப்பாட்டு மீனவர் கடலில் இருக்கலாம், சிக்னல் கிடையாது. சாத்தான்குளத்துக்காரர் சென்னையில் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போய்ச் சிம்மை மாற்றியிருக்கலாம். ஆனால் எடுக்காதவர்களில் கணிசமானவர்கள், திரும்பத் தொட்டுவிட்டதால் அந்த எண்ணைப் பார்த்ததும் கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்கள். அதனால் இந்தத் துறையில் கறாரான விதி ஒன்று உண்டு: கண்டுபிடிக்க முடியாதவரைப் புகைப்பவராகவே எண்ணு. 2005இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வகுத்த ‘ரஸ்ஸல் அளவுகோல்’ இதை எழுதியே வைத்தது. கடலில் இருந்த பாவத்துக்கு ஒருவர் தோற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்தான். ஆனாலும், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதைவிட இந்தப் பிழை மேல்.

அடுத்தது, "விட்டாச்சு" என்றால் என்ன? கடைசி ஏழு நாள் தொடவில்லை என்பதா, முப்பது நாளா, குறித்த நாளிலிருந்து இன்றுவரையா? ஏழு நாள் கணக்கில் எண்ணிக்கை கூடும், ஆறு மாதத் தொடர்ச்சியைக் கேட்டால் சுருங்கும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாமா என்பது இன்னொன்று. நிக்கோட்டின் உடலில் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. எச்சிலிலோ சிறுநீரிலோ சில நாள்வரை அது தெரியும். ஊதிப் பார்க்கும் கருவி கார்பன் மோனாக்ஸைடை அளக்கும், ஆனால் அந்த வாயு சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எல்லோரிடமும் எச்சில் வாங்க முடியாது. ஒரு பகுதியினரிடமாவது சோதித்துப் பார்த்த ஆய்வுக்கு என் மதிப்பு அதிகம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. பீடியை விட்டவர், திருச்செந்தூர்ப் பக்கம் ஆத்தூர் வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொள்ளத் தொடங்கினால் அவரை எந்தக் கணக்கில் வைப்பது? "புகைக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார்; பொய்யில்லை. 2016–17 தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் புகைக்கும் பெரியவர்களும் வாயில் புகையிலை போடுகிறவர்களும் ஏறக்குறைய சமம், நூற்றுக்குப் பத்துப் பேர்போல. மேல்நாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே பாதி விஷயம் நழுவிவிடும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் பெரிய கேள்வி மிச்சம்: போன் இல்லாவிட்டாலும் அவர் விட்டிருப்பாரோ? எண்ணைத் தேடி அழைப்பவர் ஏற்கெனவே பாதி மனது வைத்தவர். 2016இல் இந்தியா தொடங்கிய குறுஞ்செய்திச் சேவையில் சேர்ந்தவர்களில் ஆறு மாதம் கழித்துச் சுமார் 19 சதவீதம் பேர் விட்டிருந்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் செய்தி அனுப்பாத ஒரு குழு பக்கத்தில் இல்லாததால், அதில் சேவையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

ஒப்பிட ஆள் வேண்டும் என்றால் உதவி கேட்டு அழைத்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமே, அது நியாயமா? கலிஃபோர்னியாவில் சூ ஷு-ஹாங் குழுவினர் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆலோசகர்களின் கொள்ளளவை மீறி அழைப்புகள் வந்த நேரங்களில், யாரை உடனே திரும்ப அழைப்பது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். மற்றவர்களுக்குக் கையேடு போனது. அவர்களில் ஒருவர் தானே மறுபடி அழைத்தால் அவருக்கும் மறுக்காமல் ஆலோசனை. யாரையும் கைவிடவில்லை, ஒப்பிடவும் ஆள் கிடைத்தது. 2002இல் வெளியான முடிவு: ஒரு மாதம் விட்டிருந்தவர்கள் 23.7 சதவீதம், எதிர்க்குழுவில் 16.5. ஓராண்டில் அது 9.1, எதிர்க்குழுவில் 6.9. எதிர்க்குழுவிலும் சிலர் ஆலோசனை பெற்றுவிட்டதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் நடுவே எண் எப்படி உருகிவிட்டது என்றும் பாருங்கள். ஒரு மாத முடிவைக் காட்டி யாரும் கொண்டாடினால் சந்தேகப்படக் காரணம் இதுதான்.

தொலைபேசி ஆலோசனை பற்றி உலகெங்கும் நடந்த 104 சோதனைகளை காக்ரேன் அமைப்பு 2019இல் ஒன்றாக்கிப் பார்த்தது. உதவி எண்ணை அழைத்தவர்களில், குறைந்த உதவி பெற்றோரில் நூற்றுக்கு 7 பேர் விட்டார்கள். பலமுறை திரும்ப அழைத்துப் பேசப்பட்டவர்களில் 10 பேர். வெறும் மூன்றா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். மருந்தில்லை, பஸ் கட்டணமில்லை, ஒரு நாள் கூலி போகவில்லை; சில போன் பேச்சுகளுக்கு இது நல்ல விளைச்சல். பாதிப் பேர் விடுகிறார்கள் என்று சொல்லும் சேவையைவிட, மூன்று பேர் கூடுதலாக விடுகிறார்கள் என்று சொல்லும் சேவையையே நான் நம்புவேன்.

அந்த மூன்று ஊருக்கு எத்தனை ஆகும் என்பது எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் அச்சிட்ட எண் தடுக்கி விழுகிறது. நம் பெட்டிக்கடைகளில் பலர் வாங்குவது சில்லறையாக ஒற்றைச் சிகரெட். பாக்கெட்டும் அதிலுள்ள எண்ணும் கடைக்கார அண்ணாச்சியிடமே தங்கிவிடுகின்றன.