போறணை இல்லாத வீட்டிலும் ஓட்ஸ் பிஸ்கற்

பேலியகொடையில் நான் சந்திக்கும் பெண்களிடம், "கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள்?" என்று கேட்டால் சிரிப்புத்தான் பதிலாக வரும். பிள்ளையின் தடுப்பூசி நாள் நினைவிருக்கும்; அம்மாவின் கிளினிக் திகதி நினைவிருக்கும். தங்களுடையது மட்டும் நினைவிராது.

அப்படி ஓர் அக்கா. 2009 இல் வன்னியில் கணவரை இழந்தவர். 2020 இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிய மனிங் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறார். காலையில் பிளேன்ரீயும் பணிசும், பின்னேரம் ரோல்ஸ். கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதாக எழுதிய துண்டை இரண்டு மாதமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "நான் விழுந்தால் இந்தப் பிள்ளையளை ஆர் பார்க்கிறது, மிஸ்?" என்றார்.

சகோதரிகளே, அந்தக் கேள்விக்குத் துண்டை ஒளிப்பது பதிலல்ல. பின்னேரம் எதைச் சாப்பிடுகிறோம் என்பதிலிருந்து பதிலைத் தொடங்கலாம்.

ஓட்ஸ் என்ன செய்கிறது?

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் உண்டு. அது குடலில் கூழ்போலாகி, ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் தேவை. சுமார் 75 கிராம் ஓட்ஸில் அது கிடைக்கும். இதை ஏற்று, 1997 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பொதிகளில் இதய நலன் பற்றி அச்சிட அனுமதித்தது.

செய்முறை

ஓட்ஸ் 180 கிராம், நன்றாகக் கனிந்த பெரிய வாழைப்பழம் 3, வறுத்து இடித்த கச்சான் 2 மேசைக்கரண்டி, எள்ளு 1 மேசைக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சீனியும் மாஜரீனும் வேண்டாம்.

பழத்தை மசித்து எல்லாவற்றையும் பிசைந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். 16 உருண்டைகளாக்கித் தட்டையாக அழுத்துங்கள். போறணை இருந்தால் 180 பாகையில் 15 முதல் 18 நிமிடம்.

போறணை இல்லையா? தடித்த சட்டியில் ஓர் அங்குலத்துக்குச் சுத்தமான மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு வளையம் வைத்து, அதன்மேல் பிஸ்கற் தட்டை வையுங்கள். மூடி, மெல்லிய நெருப்பில் 20 முதல் 25 நிமிடம். மேற்புறம் சிவக்காது, இடையில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஆறியபின் தகரப்பேணியில் மூடிவைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிடுங்கள்.

நான்கு பிஸ்கற்றில் சுமார் 45 கிராம் ஓட்ஸ் சேரும். மீதியைக் காலைக் கஞ்சியில் சேர்க்கலாம். ரோல்ஸுக்குப் பதிலாகச் சாப்பிட்டால்தான் பயன். ரோல்ஸுடன் சேர்த்துச் சாப்பிட்டால் அல்ல.

கவனியுங்கள்

ஓட்ஸ் இறக்குமதிப் பொருள். எல்லா மாதமும் வாங்க முடியாது. பார்லியிலும் இதே நார் உண்டு. அவித்த பயறு, கடலை, கௌபியிலும் கரையும் நார் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் பழம் சேர்வதால் இரண்டுடன் நிறுத்துங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிருங்கள். வைத்தியர் தந்த குளிசையை இதை நம்பி நிறுத்தவே வேண்டாம். ஓட்ஸ் கொலஸ்ட்ரோலைச் சிறிதளவே குறைக்கும். குளிசையின் வேலையை அது செய்யாது.

35 வயது கடந்தவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், கையோ தாடையோ வலித்தால் "வாயு" என்று படுத்துவிடாமல் 1990 ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

அக்கா இப்போது கிளினிக் போகிறார், குளிசையும் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்த மகள்தான் மணற்சட்டியை ஏற்றுகிறாள். துண்டு படத்துக்குப் பின்னால் இல்லை. குசினிச் சுவரில், அடுத்த கிளினிக் திகதியுடன் ஒட்டியிருக்கிறது. உங்கள் துண்டு எங்கே இருக்கிறது?