உப்புக் காற்றும் இசைத்தட்டும்

1925ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய வானொலிச் சேவை, பின்னர் ரேடியோ சிலோனாகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய காலமெல்லாம் திரட்டிய இசைத்தட்டுகள், வேறெங்கும் எளிதில் கிடைக்காத பழைய திரைப்பாடல்களைக் காத்து நிற்கின்றன. அத்தகைய தட்டுகளை வீட்டில் சேர்ப்போருக்கு, களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளை போன்ற ஊர்களில், ஈரக் காற்றே முதற்பகை. அது காகித உறையில் பூஞ்சணத்தை வளர்க்க, அங்கிருந்து பூஞ்சணம் தட்டின் வரிப்பள்ளங்களுக்குப் பரவுகிறது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையாலானவை. 1948இல் அறிமுகமான, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்காலானது. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட்டை முன்னதன்மேல் தடவினால் பாட்டே அழிந்துவிடும். கிராமபோனின் எஃகு ஊசியைப் பின்னதன்மேல் வைத்தால் ஒரே ஓட்டத்தில் பள்ளங்கள் சிதைந்துவிடும்.

கழுவுவதற்குக் கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்பு, நீர் உலர்ந்ததும் பள்ளங்களிலேயே படியும் என்பதால், வடித்தெடுத்த நீரில் நனைத்த மென்துணியால், நடுவிலுள்ள காகிதச் சீட்டை நனைக்காமல், வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நன்கு உலர்ந்த பின்பே உறையிலிட வேண்டும். அடுக்கிக் கிடத்தினால் தட்டுகள் வளையும். வெயில் படாத அலுமாரியில் நிமிர்த்தி வைப்பதே முறை. பெட்டியில் கிடக்கும் தாத்தா காலத்துத் தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், ஒருமுறையேனும் ஒலிக்கவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.