ஆவடியில் நேரு விட்டுச்சென்றது என்ன? டேங்க் தொழிற்சாலை முதல் டைடல் பார்க் வரை ஒரு பார்வை

'ஆவடி'க்கு ஃபுல் ஃபார்ம் தெரியுமா என்று கேட்டு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அடிக்கடி சுற்றும். 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆவடியில் டேங்க் தொழிற்சாலை வந்தது 1961-ல். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1955 ஜனவரியில், நாடு முழுக்க செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் ஆவடியின் பெயர் வந்துவிட்டது.

காரணம், ஜவஹர்லால் நேரு. சுதந்திர இந்தியா எந்தப் பொருளாதாரப் பாதையில் போக வேண்டும் என்பதை அவருடைய கட்சி அதிகாரபூர்வமாக அறிவித்தது இந்த ஊரில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பட்டாபிராம் டைடல் பார்க்கில் லேப்டாப் திறப்பவர்கள், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் என எல்லோருடைய வாழ்க்கையிலும் அந்த முடிவின் தடம் கொஞ்சமாவது இருக்கும்.

ஆவடிக்கு வந்த நேரு யார்?

1889 நவம்பர் 14-ல் அலகாபாத்தில், வசதியான வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர். படித்தது இங்கிலாந்தில்; ஹாரோ பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பிறகு பாரிஸ்டர் பட்டம். 1912-ல் ஊர் திரும்பியவர் காந்தியின் பின்னால் போனார். அதன் பிறகு சிறையில் மட்டும் மொத்தமாக ஒன்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கழித்தார். 1929-ல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். முழு சுதந்திரமே இலக்கு என்று அறிவித்த மாநாடு அது. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1964 மே 27-ல் இறக்கும் நாள் வரை, கிட்டத்தட்ட 17 ஆண்டுகள் பிரதமர்.

பொருளாதாரம் பற்றிய அவருடைய எண்ணங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1927-ல் சோவியத் யூனியனைப் பார்த்துவிட்டு வந்தார். முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று 1931 கராச்சி மாநாட்டிலேயே காங்கிரஸ் தீர்மானம் போட்டது. 1938-ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது அமைத்த தேசியத் திட்டக் குழுவுக்குத் தலைவர் நேருதான்.

இது அவர் ஒருவரின் ஆசை மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்கள் 1944-ல் வெளியிட்ட 'பாம்பே திட்டம்', அடிப்படைத் தொழில்களில் அரசு பெரிய அளவில் இறங்க வேண்டும் என்றது. இரும்பாலை, மின்சாரம், இயந்திரத் தொழில் போன்றவற்றுக்குத் தேவைப்பட்ட பெரும் முதலீடு அன்றைய தனியாரிடம் இல்லை. இது அவர்களுக்கே தெரியும்.

1955-ல் ஆவடியில் என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவக் கிடங்குகள் இருந்த இடம் ஆவடி. பரந்த வெளி, பக்கத்திலேயே ரயில் பாதை. காங்கிரஸின் 60-வது மாநாடு அங்கே நடந்தது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சத்தியமூர்த்தி, காமராஜரின் அரசியல் குரு. காமராஜர் சென்னை மாகாண முதல்வராகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாநாட்டுத் தலைவர் யு.என். தேபர். ஆனால், மாநாட்டின் மையம் நேருதான்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 1954 அக்டோபரில், நேரு சீனா போய் வந்திருந்தார். டிசம்பரில் மக்களவை, பொருளாதாரக் கொள்கையின் நோக்கம் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று ஏற்றுக்கொண்டது. அதையே ஆவடி மாநாடு கட்சியின் இலக்காக்கியது. தீர்மானத்தின் சாரம் மூன்று விஷயங்கள்: முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ அல்லது கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி வேகமாகப் பெருக வேண்டும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. 'அல்லது' என்பதுதான் அது. எல்லாவற்றையும் அரசே நடத்தும் என்று தீர்மானம் சொல்லவில்லை. தனியார் நடத்தலாம், கடிவாளம் அரசின் கையில் இருக்கும் என்ற வழியையும் திறந்து வைத்தது. 'சோசலிசம்' என்று நேரடியாகச் சொல்லாமல் 'சோசலிச பாணி' என்றதும் அதே காரணத்தால்தான். அன்றைய காங்கிரஸில் இடதுசாரிகளும் இருந்தார்கள், மில் முதலாளிகளும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய சொல் தேவைப்பட்டது.

தீர்மானத்துக்குப் பிறகு என்ன மாறியது?

நிறையவே மாறியது. 1955 ஜூலை 1-ல் இம்பீரியல் வங்கி, ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா ஆனது. 1956-ல் ஆயுள் காப்பீட்டுத் துறை தேசியமயமாகி எல்.ஐ.சி. பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த தொழில் கொள்கை, 17 துறைகளை அரசின் பொறுப்பில் வைத்தது. 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்கு முன்னுரிமை கொடுத்தது. 'மெஷினை இறக்குமதி செய்வதைவிட, மெஷின் செய்யும் மெஷினை இங்கேயே செய்வோம்' என்பதுதான் அதன் அடிப்படை யோசனை.

சென்னையின் மேற்குப் பகுதியில் இதன் விளைவை ரயில் பாதையை ஒட்டியே பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலைக்கான வேலைகள் ஆவடி மாநாட்டுக்கு முன்பே, சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியிருந்தன. 1955 அக்டோபர் 2-ல் அதை நேரு திறந்துவைத்தார். 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் உருவானது அதே வளாகத்தில்தான்.

1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் 'விஜயந்தா' டேங்க் அங்கே தயாரானது. முதல் ஆவடி டேங்க் வெளியே வந்தது 1965-ல். அதைப் பார்க்க நேரு உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு 2,000-க்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள், டி-72, டி-90, அர்ஜுன் என்று வரிசை நீண்டது. உலக சமாதானம், அணிசேராமை என்று பேசியவரின் ஆட்சியில்தான் நாட்டின் டேங்க் தொழிற்சாலைக்கு அடித்தளம் போடப்பட்டது என்பது பலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆயுதத்துக்கு வெளிநாட்டின் தயவை எதிர்பார்க்கும் நாடு சுதந்திரமாக வெளியுறவுக் கொள்கை வகுக்க முடியாது என்பது அந்தக் காலத்து வாதம்.

அப்போ எல்லாமே அரசு செய்ததுதானா?

இல்லை. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே தொடங்கி அம்பத்தூரில் ஆலை வைத்தது. சோசலிச பாணி தீர்மானம் நிறைவேறிய அதே 1955-ல், அதே ஆவடியில், அதே குழுமத்தின் ட்யூப் ப்ராடக்ட்ஸ் நிறுவனமும் வந்தது. கலப்புப் பொருளாதாரம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பதன் நேரடி உதாரணம் இது.

இன்னொரு பக்கம், மாநில அரசு தன் பங்கைச் செய்தது. காமராஜர் அமைச்சரவையில் 1957 முதல் தொழில் துறையைக் கவனித்தவர் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. அடுத்து, 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. சொந்தமாக நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, மின் இணைப்புக்கு அலைய முடியாத சிறு முதலாளிக்கு அரசே ஷெட் கட்டிக் கொடுக்கும் திட்டம். ஒரு லேத் மெஷின், நாலு ஆட்களோடு ஆரம்பித்தவர்கள் பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்து வளர்ந்தார்கள்.

டெல்லியின் பெரிய ஆலை மட்டும் வந்திருந்தால், ஆவடி சுற்றுச்சுவருக்குள் அடங்கிய ஒரு டவுன்ஷிப்பாக நின்றிருக்கும். சிறுதொழில் பேட்டையும் பக்கத்தில் வந்ததால்தான் அது ஒரு தொழில் மண்டலமானது. நேருவின் மரபைப் பேசும்போது, அதைத் தரையில் வேலை செய்ய வைத்த மாநில அரசுகளையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

விமர்சனங்கள் என்ன?

கூர்மையான விமர்சனம் சென்னையில் இருந்தே வந்தது. காமராஜருக்கு முன் முதல்வராக இருந்த ராஜாஜி, நேருவின் பாதையை எதிர்த்து 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், எதற்கெடுத்தாலும் பெர்மிட் என்ற நிலையை 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று அவர் சாடினார். பின்னாட்களில் அவர் பயந்தது பெரும்பாலும் நடந்தது. ஆலையை விரிவுபடுத்தவும் புதுப் பொருள் தயாரிக்கவும் டெல்லிக்கு நடக்க வேண்டிய நிலை, போட்டி இல்லாத சந்தை, ஸ்கூட்டருக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு.

இரண்டாவது விமர்சனம், பள்ளிக்கூடம். 1951 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். பத்து ஆண்டு கழித்து அது சுமார் 28 சதவீதம்தான். ஐ.ஐ.டி.க்களுக்கும் கனரக ஆலைகளுக்கும் கிடைத்த கவனம் தொடக்கக் கல்விக்குக் கிடைக்கவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாடு அந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய முயன்றது. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அதன் ஒரு பகுதி.

மூன்றாவது, வேலைவாய்ப்பு. கனரக ஆலைக்கு முதலீடு அதிகம், ஆள் தேவை குறைவு. கிராமத்தில் நிலத்தை நம்பியிருந்த பெரும்பான்மைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. 1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடியும் வந்து, திட்டத்தைச் சுருக்க வேண்டியிருந்தது.

இந்த விமர்சனங்களுக்கு நடுவே இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. ராஜாஜியால் கட்சி தொடங்க முடிந்தது, கூட்டம் போட்டுப் பிரதமரைத் திட்ட முடிந்தது, தேர்தலில் நிற்க முடிந்தது. அதே காலத்தில் விடுதலை பெற்ற பல நாடுகளில், நாட்டை நிறுவிய தலைவரை எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். நேரு காலத்தில் 1951-52, 1957, 1962 என மூன்று பொதுத் தேர்தல்கள் நடந்தன. அவர் இறந்த மூன்றே ஆண்டுகளில், 1967-ல், சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் தோற்று தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்தக் கூட்டணியில் ராஜாஜியின் கட்சியும் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. வாக்குச்சீட்டால் தன் கட்சியையே வீழ்த்தக்கூடிய அமைப்பு வேரூன்ற அவர் இடம் கொடுத்தார் என்பதும் அவருடைய மரபுதான்.

இன்று அந்தப் பாதை என்ன ஆனது?

1976-ல் 42-வது திருத்தம் மூலம் 'சோசலிச' என்ற சொல் அரசியலமைப்பின் முகப்புரைக்குள் வந்தது. 1991 ஜூலையில் வந்த புதிய தொழில் கொள்கை பெரும்பாலான லைசென்ஸ்களை ஒழித்தது. 2015-ல் திட்டக் கமிஷன் இருந்த இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. முகப்புரையில் இருந்து அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, பாதை மாறிவிட்டது, சொல் அப்படியே இருக்கிறது.

ஆவடியும் மாறியது. 2021 அக்டோபர் 1-ல் நாட்டின் 41 ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டேங்க் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையகமாகக் கொண்ட 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம்' நிறுவனத்துக்குப் போனது. உடை தயாரிக்கும் தொழிற்சாலை, கான்பூரில் தலைமையகம் உள்ள வேறொரு நிறுவனத்துக்குப் போனது. பங்குகள் அரசிடமே இருக்கின்றன. ஆனால் ஊழியர்கள் 'அயல்பணி' என்ற நிலைக்கு மாறினார்கள். மத்திய அரசு ஊழியராகவே கடைசி வரை இருப்போமா, நாளைக்குத் தனியார்மயம் வருமா என்பதுதான் தொழிற்சங்கங்களின் கேள்வி. போட்டி வந்தால்தான் திறன் கூடும், ஏற்றுமதி பெருகும் என்பது அரசின் பதில். குவார்ட்டர்ஸ் வீடு, பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு என்று ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்ட வேலை அது என்பதால், இந்த விவாதம் அங்கே வெறும் கொள்கை விவாதம் இல்லை.

கொஞ்சம் தள்ளி, பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. கட்டியது மாநில அரசின் நிறுவனம்; உள்ளே தொழில் நடத்தப்போவது தனியார் கம்பெனிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறுதொழிலுக்கு ஷெட் கட்டிக் கொடுத்த அதே யோசனை, இப்போது ஏ.சி. போட்ட அலுவலகமாக வந்திருக்கிறது.

அதனால்தான் 'நேருவே எல்லாம் செய்தார்', 'நேருவால்தான் எல்லாம் கெட்டது' என்ற இரண்டு பக்க வாதமும் இந்தப் பகுதிக்குப் பொருந்துவதில்லை. எதை அரசு சொந்தமாக நடத்த வேண்டும், எதைத் தனியாரிடம் விட்டு விதிமுறை மட்டும் வகுக்க வேண்டும் என்ற கேள்வியை ஆவடி மாநாடு எழுப்பியது. 'உடைமை அல்லது கட்டுப்பாடு' என்று இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்தது. எழுபது ஆண்டுகளில் ஒவ்வொரு அரசும் அந்த இரண்டுக்கும் நடுவே எல்லைக் கோட்டை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. டேங்க் தொழிற்சாலை ஊழியருக்கும் டைடல் பார்க்கில் வேலை தேடும் பட்டதாரிக்கும், அந்தக் கோடு அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்பது வரலாற்றுப் பாடம் அல்ல, மாசச் சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயம்.