காது கேளாதோர் பள்ளியும் தேர்ச்சிக் கணக்கும்

ஆண்டுதோறும் கோடையில் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகின்றன. பெரிய பள்ளிகள் தெரு முனையில் விளம்பரப் பலகை நாட்டிக் கொண்டாடுகின்றன. ஜில்லாப் பட்டியலின் ஏதோ ஒரு மூலையில் காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளியொன்றின் பெயரும் இருக்கும். எழுதிய எட்டுப் பேரும் தேறிவிட்டால், 'ஊமைப் பிள்ளைகளும் தேறிவிட்டார்களே!' என்று ஜனங்கள் ஒரு நிமிஷம் வியப்பர். இருவர் தவறிவிட்டால், 'பாவம், அவர்களால் என்ன முடியும்!' என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவர். இவ்வியப்பு, இப்பெருமூச்சு, இரண்டுமே தவறு என்பது நமது அபிப்பிராயம்.

திருப்பூர் வாசிகளுக்கு இது தூரத்து விஷயமன்று. பனியன் தொழிலால் உலகறிந்த அந்நகரின் முருகம்பாளையத்தில் காது கேளாதோர் பள்ளியொன்று நடந்து வருகிறது. இத்தகைய கல்வி நமது நாட்டில் நேற்று முளைத்ததுமன்று. பம்பாயில் 1885-லேயே முதற்பள்ளி தோன்றியது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கில மாது 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு பள்ளியை நிறுவினார். ஆயினும், இப்பள்ளிகளின் வேலையை எப்படி மதிப்பிடுவது என்பதை மட்டும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எந்த ஒரு பள்ளியின் மதிப்பெண்களையும் இங்கே நாம் சோதிக்க வரவில்லை. தேர்ச்சி விகிதம் என்னும் சாட்சியைக் கூண்டிலேற்றிச் சிறிது குறுக்கு விசாரணை செய்யவே விரும்புகிறோம்.

முதலாவது கேள்வி: எத்தனை பேர் எழுதினர்? நானூறு பேர் எழுதும் பள்ளியில் ஒரு மாணாக்கன் தவறினால் விகிதம் 99.75 ஆகும். எட்டுப் பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் அது 87.5 ஆகிவிடும். குற்றம் ஒன்றே, தண்டனை ஐம்பது மடங்கு! ஒரு குழந்தைக்கு அவ்வாண்டு காய்ச்சல் கண்டால் பள்ளியின் மானமே போய்விடும் என்ற நிலையில், அந்த விகிதத்தைக் கொண்டு உபாத்தியாயரின் திறமையை அளப்பது நியாயமாகுமா?

இரண்டாவது கேள்வி இதனினும் முக்கியமானது: எழுதியவர்கள் யார்? திருப்பூர்ப் பனியன் முதலாளிமாருக்கு ஒன்று நன்கு தெரியும். 20-ஆம் நம்பர் நூலில் பின்னிய துணியையும் 30-ஆம் நம்பர் நூலில் பின்னிய துணியையும் தராசிலிட்டு, எடை குறைந்ததைக் கெட்ட துணியென்று எவரும் தள்ளுவதில்லை. நூலைக் கேட்ட பிறகே துணியைப் பற்றிப் பேசுவர். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நூலைக் கேளாமலே எடை போடுகிறோம்.

காது கேளாதோர் வகுப்பொன்றில் பலதரப்பட்ட பிள்ளைகள் கூடுகின்றனர். பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து, தொட்டிலிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த குழந்தை ஒன்று. ஊர்ப் பள்ளியில் கடைசிப் பெஞ்சில் பல ஆண்டுகள் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்துவிட்டுத் தாமதமாக வந்த குழந்தை ஒன்று. காதுக் குறையோடு அறிவு வளர்ச்சியிலும் குறையுள்ள குழந்தை ஒன்று. பிழைப்புத் தேடிப் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ திருப்பூருக்கு வந்த தொழிலாளியின் வீட்டில், தமிழல்லாத உதடசைவைப் பார்த்துப் பழகிய குழந்தை ஒன்றும் இருக்கக்கூடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. காலத்தில் அச்சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் பெற்ற குழந்தைகள் பலர் சாதாரணப் பள்ளிக்கே போய்விட முடிகிறது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அதன் பயனாகச் சிறப்புப் பள்ளியில் எஞ்சுவோர் முன்னிலும் கடினமான நிலையிலுள்ளவர்கள் என்பதை மறக்கலாகாது. உபாத்தியாயரின் உழைப்பு இரட்டிக்கும்போதே தேர்ச்சி விகிதம் இறங்கவும் கூடும்.

மூன்றாவது, பரீட்சை எதைச் சோதிக்கிறது? கேட்கும் குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களைத் தாயிடமிருந்து இலவசமாகப் பெற்றுக்கொண்டு வருகிறது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறப்பதால், வீட்டில் அவர்களுக்கு முழு மொழி ஒன்றும் கிட்டுவதில்லை. உதட்டைப் பார்த்து அறியலாமே என்பர். நேயர்கள் கண்ணாடி முன் நின்று 'படம்' என்றும் 'மடம்' என்றும் சொல்லிப் பார்க்கட்டும். உதடு இரண்டிற்கும் ஒன்றேபோல் அசையும். 1880-ல் மிலான் நகரில் கூடிய உபாத்தியாயர் மகாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சாலேயே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க உலகத்துக்கு 130 ஆண்டுகள் பிடித்தன. 2010-ல் வான்கூவர் நகரில்தான் அது நடந்தது. நமது நாட்டில் இந்தியச் சைகை மொழிக்கென ஆராய்ச்சி நிலையம் 2015-ல் ஏற்பட்டது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. மொழிப் பாடமொன்றில் விலக்களிக்கும் சலுகை தமிழ்நாட்டில் உண்டு. ஆயினும் கணிதத்தின் கேள்வியையும் சரித்திரத்தின் கேள்வியையும் எழுத்து மொழியிலேதான் படித்தறிய வேண்டும். ஆகவே, இக்குழந்தை பெறும் 50 மதிப்பெண்ணில், மொழியற்ற நிலையிலிருந்து மொழிக்கு ஏறிவந்த நெடும்பயணம் அடங்கியிருக்கிறது. அதைக் காட்டப் பட்டியலில் இடமில்லை.

நிற்க. கணக்குத் தவறானால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் குழந்தைகளுக்கே. நூற்றுக்கு நூறு என்பதையே நாம் போற்றுவோமானால், அதைக் காட்ட எளிய வழியொன்று உண்டு: கடினமான குழந்தையைச் சேர்க்காமலிருப்பது, அல்லது பரீட்சைக்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பிவிடுவது. வாயிற்கதவை மூடி வாங்கும் வெற்றி வெற்றியாகாது. 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ள ஊனமுற்றோரில் நூற்றுக்கு 61 பேரே கல்விச்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். 27 பேர் பள்ளியின் வாசலையே மிதித்ததில்லை. பரீட்சையில் தவறியவர்களுக்காக வருந்தும் நாம், பரீட்சைக்கே வராத இந்த 27 பேரைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியதுண்டா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம், அது வரையறுக்கும் அளவுக்குக் குறையுள்ள 6 முதல் 18 வயது வரையான குழந்தைகள், அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க உரிமை அளித்திருக்கிறது. சாதாரணப் பள்ளிகளில் இக்குழந்தைகளுக்கு, தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டுமென 2022-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. உரிமை ஏட்டிலிருந்தால் போதாது. கேட்பார் இருந்தால்தான் அது உயிர் பெறும்.

ஆகவே, பொதுத்தொண்டில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றால், எத்தனை சதவீதம் என்று கேளாதீர்கள். எந்த வயதில் எந்த நிலையில் குழந்தைகள் வந்து சேர்ந்தனர்? எத்தனை பேர் நடுவில் நின்றனர்; ஏன்? தேறியவர்களும் தவறியவர்களும் இன்று என்ன செய்கின்றனர்? இந்த மூன்றையும் கேளுங்கள். சர்க்காரும் தேர்ச்சி விகிதத்தோடு இவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

திருப்பூர் முதலாளிமாருக்கும் ஒரு சொல். தனியார் தொழிலிடங்களில் நூற்றுக்கு ஐவராவது ஊனமுற்றோராக இருக்கும்படி ஊக்கமளிக்க அதே சட்டம் சர்க்காரைப் பணிக்கிறது. பின்னல் இயந்திரங்களின் இரைச்சலில் காதுள்ளவனும் கையைக் காட்டித்தானே பேசுகிறான்! அங்கே காது கேளாதவன் குறைந்தவனாவது எப்படி? தையல், சோதனை, அச்சு, வடிவமைப்பு ஆகிய வேலைகளில் கூலி குறைக்காமல் இடமளியுங்கள். அவ்வேலை தர்மமன்று, கற்றவனுக்குரிய நியாயம். எட்டுப் பேர் எழுதிய பரீட்சையின் உண்மையான முடிவு அங்கேதான் வெளியாகும்.