சீட்டு மேசைக் கடனும் தையற்காரர் கடனும்

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலுள்ள ஒயிட்ஸ் கிளப்பின் பந்தயப் புத்தகத்தில், யாருக்கு முதலில் திருமணமாகும், யார் முந்திச் சாவார் என்றெல்லாம் கனவான்கள் பணம் கட்டியது பதிவாகியிருக்கிறது. பணக்காரச் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். அது பாதி உண்மைதான். ஆனால் ரீஜென்சி காலத்தில் (1811–1820) அவர்கள் கடனை அடைத்த வரிசை வேறொன்றைச் சொல்கிறது. அன்று நடப்பிலிருந்த 1710ஆம் ஆண்டுச் சட்டப்படி, சூதில் தோற்ற பணத்துக்காக எழுதிக் கொடுத்த பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. தையற்காரரோ வழக்குப் போடலாம், கடனாளியைச் சிறைக்கும் அனுப்பலாம். அப்படியிருந்தும் சீட்டு மேசைக் கடன்தான் பெரும்பாலும் முதலில் தீர்ந்தது, தையற்காரர் காத்திருந்தார். சட்டம் கைவிட்ட கடனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே பிணை என்பதால், அதைத் தீர்ப்பதே கனவானின் அடையாளமாயிற்று. உழைத்தவரின் கூலியை நிறுத்திவைத்துக் காப்பாற்றிய மானம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மானம் அவ்வளவு பெரிதென்றால், உடைநேர்த்திக்குப் பேர்போன ஜார்ஜ் பிரம்மெல் 1816இல் கடனுக்குப் பயந்து பிரான்சின் கலே நகருக்கு ஓடியது ஏன் என்று கேட்கலாம். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. அன்று பிரபுக்களைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. பட்டமில்லாத பிரம்மெலுக்கு அந்தக் காப்பு கிடையாது. அவர்களுக்குச் சமமாக ஆடினார், சமமாகத் தப்பிக்க வழியில்லை. அதன்பின் அவர் இங்கிலாந்தில் வாழவே இல்லை. 1840இல் பிரான்சின் கான் நகரில் வறுமையில் இறந்தார்.