ஒரே தனித்திறனை நம்பி இருபது ஆண்டுகள்

கணினித் துறையில் சேர நினைக்கும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "யாருக்கும் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டால் நல்ல சம்பளம் கிடைக்குமாமே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் அந்தச் சம்பளத்தோடு ஒரு கவலையும் சேர்ந்து வருகிறது. முதல் பத்து ஆண்டுகள் அது கண்ணில் படாது. நாற்பது வயதை நெருங்கும்போது, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருக்கும் நேரத்தில், "இந்தத் திறனுக்கு இன்னும் எத்தனை நாள் மதிப்பு?" என்று அது கேட்கத் தொடங்கும்.

எனக்கு இப்போது வயது 44. சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்து, தேசிய சேவையை முடித்து, வேலையில் சேர்ந்ததும் மூன்று மாதப் பயிற்சி கொடுத்து எனக்குக் கற்பித்த கணினி மொழி கோபால். "இருபது வருஷமா சோறு போடுறாரே, யாருப்பா அந்தக் கோபால்?" என்று அம்மா இன்றும் கேலி செய்வார்.

பாட்டன் காலத்து மொழி

கோபால் உருவாகத் தொடங்கியது 1959ஆம் ஆண்டில். அமெரிக்க அரசாங்கமும் கணினி நிறுவனங்களும் சேர்ந்து, வணிகக் கணக்குகளுக்கென எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று முடிவுசெய்தன. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் முன்னதாக உருவாக்கியிருந்த ஃபுளோ-மேட்டிக் என்ற மொழியின் தாக்கம் அதில் அதிகம். துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதிய காலம் அது. ஓர் அட்டையில் 80 பத்திகள். அதனால்தான் பழைய பாணிக் கோபாலில் நிரலின் ஒவ்வொரு வரியும் எந்தப் பத்தியில் தொடங்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. அட்டைகள் போய்விட்டன, விதி இன்னும் இருக்கிறது.

இவ்வளவு பழையதை வங்கிகள் ஏன் விடவில்லை? அதற்கு ஒரு காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று தட்டுங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி அந்தப் பின்னங்களை இரும எண்களில் வைத்திருப்பதால் வரும் சிறு பிசகு அது. பைத்தானிலும் ஜாவாவிலும் இதைத் தவிர்க்கத் தனி வசதிகள் உண்டு. கோபாலோ தொடக்கத்திலிருந்தே பணத்தைத் தசம எண்ணாகவே வைத்துக் கணக்கிடும். இரவில் கிளைகள் மூடிய பிறகு மில்லியன்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடுவது, தவணைகளைக் கழிப்பது, அறிக்கைகளைத் தயாரிப்பது போன்ற வேலைகளை மெயின்ஃபிரேம் எனப்படும் பெரிய கணினியில் அது வரிசையாக முடித்துவிடும்.

மற்றொரு காரணம் பயம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஐந்து மில்லியனுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்றியது. ஏறக்குறைய 1.9 மில்லியன் பேரால் தங்கள் கணக்குகளைப் பயன்படுத்த முடியாமல் போனது. 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இத்தகைய செய்தியைப் படிக்கும் எந்த வங்கியும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்கும்.

கவலை வந்த விதம்

வேலையில் சேர்ந்த காலத்தில் நான் கவலைப்படவில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றார்கள். அவர்கள் விட்ட இடத்தில் நானும் சிலரும் நின்றோம். நள்ளிரவில் வட்டிக் கணக்கு பாதியில் நின்றால் எனக்குத்தான் தொலைபேசி வரும். தேவைப்படுகிறோம் என்பதில் ஒரு பெருமை இருந்தது.

2020 ஏப்ரலில் அந்தப் பெருமை இன்னும் கூடியது. கொவிட்-19 காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோருக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தன. அந்த மாநிலத்தின் கணினி அமைப்பு மிகப் பழையது. கோபால் தெரிந்த தொண்டூழியர்கள் தேவை என்று ஆளுநரே செய்தியாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். நண்பர்கள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் வேலை தேடும் இணையத்தளத்தைத் திறந்தால் கதை வேறு. ஜாவா, பைத்தான், கிளவுட், தரவு அறிவியல் என்று பக்கம் பக்கமாக வேலைகள். எனக்கு ஏற்றவை சில வரிகளில் முடிந்துவிடும். சிங்கப்பூர் சிறிய ஊர். பெரிய மெயின்ஃபிரேம் வைத்திருக்கும் இடங்கள் குறைவு. அந்த வேலைகளில் பலவற்றைச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் குழுக்கள் செய்கின்றன. நான் அரிய திறன் கொண்டவன்தான். ஆனால் அந்தத் திறனை விலை கொடுத்து வாங்குவோரும் அரிது. இரண்டும் சேர்ந்தால் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம், கோபால் நிரல்களை ஜாவாவுக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டு எங்கள் அலுவலகத்தில், பழைய அமைப்பு படிப்படியாக நிறுத்தப்படும் என்று சொன்னார்கள். எங்கள் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. புதிய அமைப்புக்கு மாற்றும் குழுவில் சேரலாம். வேறு பிரிவுக்குப் போகலாம். இழப்பீடு பெற்றுக்கொண்டு விலகலாம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால், என் திறன் தேவைப்படாத நாளை நானே உழைத்துக் கொண்டுவர வேண்டும்.

அன்றிரவு மனைவியும் நானும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும், கடன் எவ்வளவு, மூத்த மகள் எப்போது கல்லூரிக்குப் போவாள் என்று எழுதினோம். "உங்களுக்குத் தெரிஞ்சது கோபால் மட்டும்தானா?" என்று மனைவி கேட்டார். குத்திக்காட்டும் கேள்வி அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

ஃபிளாஷ் கற்ற நண்பர்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கல்லூரி நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் தேர்ந்தெடுத்த தனித்திறன் ஃபிளாஷ். 2000களில் இணையத்தில் ஓடிய விளையாட்டுகளும் அசைபடங்களும் பெரும்பாலும் அதில்தான் செய்யப்பட்டன. நண்பருக்கு வேலை குவிந்தது. 2010 ஏப்ரலில், ஐஃபோனில் ஃபிளாஷை ஏன் அனுமதிக்கவில்லை என்று விளக்கி ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017 ஜூலையில் அதன் உரிமையாளரான அடோபி நிறுவனமே அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்தது.

கோபாலுக்கும் ஃபிளாஷுக்கும் உள்ள வேறுபாடு, மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஃபிளாஷ் ஒரே நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனம் கைவிட்டதும் கதை முடிந்தது. கோபால் அனைத்துலகத் தரநிலை கொண்ட மொழி. எந்தத் தனி நிறுவனமும் ஒரு தேதி குறித்து அதை மூட முடியாது. ஃபிளாஷ் நின்றபோது விளையாட்டுகள் நின்றன. கோபால் ஒரே நாளில் நின்றால் பலருக்குச் சம்பளம் வராது.

ஆனால் நண்பர் தெருவுக்கு வரவில்லை. ஓர் அசைவு எத்தனை நொடி நீடித்தால் பார்ப்பவருக்குச் சலிக்காது, பொத்தான் எங்கே இருந்தால் விரல் தானாகப் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு ஃபிளாஷோடு போய்விடவில்லை. இன்று கைப்பேசிச் செயலிகளுக்கு முகப்பு வடிவமைக்கிறார். "கருவி போச்சு, கை போகலையே" என்றார்.

ஒரு காசு வித்தியாசம்

நான் மாற்றும் குழுவில் சேர்ந்தேன். என் கை எது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

பழைய அமைப்பையும் புதியதையும் சில வாரங்கள் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவது வழக்கம். ஒரு நாள் காலை, நூற்றுக்கணக்கான கணக்குகளில் ஒரு காசு இடித்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து வேலைக்கு வந்திருந்த இளம் சக ஊழியர் என்னிடம் வந்து, "அண்ணா, பழைய நிரல்ல ஏதோ தப்பு இருக்கு" என்றார்.

அவர் காட்டியது போன்ற ஒரு கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். 4,000 வெள்ளி, ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி, 30 நாள். ஆண்டு வட்டி 80 வெள்ளி. அதை 365ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 6.5753. முழுமையாக்கினால் 6 வெள்ளி 58 காசு. புதிய அமைப்பின் விடை அது. பழைய நிரலோ ஒரு நாள் வட்டியை நான்கு தசம இடங்களோடு வெட்டிவிடும். அப்போது நாள் வட்டி 0.2191, முப்பது நாளுக்கு 6.573, அதாவது 6 வெள்ளி 57 காசு.

எந்த விடை சரி? கணிதம் இதற்குப் பதில் சொல்லாது. வாடிக்கையாளருக்கு வங்கி கொடுத்த விதிமுறையில் நாள் வட்டி எப்படிக் கணக்கிடப்படும் என்று இருக்கிறதோ அதுவே சரி. அந்த விதி எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த வகைக் கணக்குகளுக்கு அது பொருந்தாது, யாரைக் கேட்டால் உறுதிசெய்யலாம் என்பது எனக்குத் தெரியும். நிரலை ஜாவாவுக்கு மாற்றிய கருவிக்கு அது தெரியாது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதியை நான் விளக்கியதும், அத்தனை கணக்குகளையும் தானாகச் சோதித்துப் பிரித்துக் காட்டும் நிரலை அந்த இளம் ஊழியர் மதியத்துக்குள் எழுதி முடித்தார். நானாக இருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். இப்போது வாரம் இரண்டு மாலை அவரிடம் அதைக் கற்கிறேன். அவர் என்னிடம் வங்கிக் கணக்கியல் கற்கிறார்.

தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

தனித்திறன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவரைவிட ஒன்றை ஆழமாகத் தெரிந்தவருக்குத்தான் கடினமான வேலைகள் வரும். ஆனால் ஒன்றில் இறங்கும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது யாருடைய சொத்து? ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், அந்த நிறுவனத்தின் முடிவு உங்கள் எதிர்காலத்தையும் முடிவுசெய்யும்.

2. இது நாளை நின்றால் யாருக்கு வலிக்கும்? மருத்துவமனை, வங்கி, மின்சாரம், துறைமுகம் போன்றவை சார்ந்திருக்கும் தொழில்நுட்பம் மெதுவாகத்தான் மறையும். ஆயத்தம் செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

3. நான் வாழும் ஊரில் எத்தனை முதலாளிகளுக்கு இது தேவை? எண்ணிக்கை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கினால், சம்பளம் நன்றாக இருந்தாலும் சேமிப்பைக் கூடுதலாக வைத்திருங்கள்.

4. கருவிக்கு அடியில் நான் கற்பது என்ன? கருவியின் பெயரை நீக்கிவிட்டு உங்கள் வேலையை இரண்டு வரியில் விளக்கிப் பாருங்கள். முடிந்தால் உங்களுக்கு ஒரு தொழில் இருக்கிறது. முடியாவிட்டால் ஒரு கருவியை இயக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

5. நான் செய்வது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? "எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பது பாதுகாப்பு போலத் தோன்றும். உண்மையில் அது உங்களை ஒரே நாற்காலியில் கட்டிப்போடும். எழுதி வைப்பவரை, பிறருக்குக் கற்றுக்கொடுப்பவரை, அடுத்த வேலைக்கும் அழைப்பார்கள்.

பணியின் நடுவில் இருப்போருக்கு இங்கே கைகொடுக்கும் திட்டங்களும் உள்ளன. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. 2025 முதல், அவர்கள் தகுதிபெறும் முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால் மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படியும் பெறலாம். உங்கள் பெற்றோருக்கு இது தெரியுமா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தொகை தொடப்படாமலே கிடக்கிறது.

எங்கள் பழைய இயந்திரம் இன்னும் முழுமையாக நிற்கவில்லை. அது நிற்கும்போது எனக்கு என்ன வேலை இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கவலை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் மனைவியின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகும்போது ஒரு காசுகூடத் தொலையாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். அதை இருபது ஆண்டுகளாகக் கோபாலில் செய்தேன். அடுத்து எந்த மொழியில் செய்வது என்பதைத்தான் இப்போது, என்னைவிட இருபது வயது இளையவரிடம், கற்றுக்கொண்டிருக்கிறேன்.