இன்ஜின் போன கார்: ரிப்பேர் செய்யலாமா, விற்றுவிடலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்க கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கிறதா? அபராதம் போடுறாங்கன்னு தகவல் பரவி, அப்படியெல்லாம் இல்லை என்று போலீஸ் தரப்பில் விளக்கம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அபராதம் வந்தாலும் பரவாயில்லை என்று வண்டியை மேலே ஏற்றியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில், பள்ளிக்கரணையில் அடுக்குமாடி குடியிருப்புக்குள்ளிருந்து கார்கள் பொம்மை மாதிரி அடித்துக்கொண்டு போன வீடியோவைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போகும் வழி இந்தப் பகுதிதான். மழைக்காலம் போனால் வெயில் காலம். ஏப்ரல் மாத மதியம் 200 அடி ரேடியல் சாலை டிராஃபிக்கில் ஏசி போட்டபடி ஊர்ந்து போகும் பழைய கார், திடீரென புகை விட்டு நிற்பதும் இங்கே புதுசு இல்லை.

காரணம் எதுவாக இருந்தாலும் அடுத்து மெக்கானிக் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "சார், இன்ஜின் வேலை இருக்கு." அந்த நிமிடத்தில் பலரும் இரண்டில் ஒரு தப்பைச் செய்கிறார்கள். ஒன்று, 'செலவு எவ்வளவானாலும் பண்ணிடுங்க' என்று வண்டியை விட்டுவிட்டு வருவது. இல்லையென்றால், பதறிப் போய் முதலில் வந்தவர் சொன்ன விலைக்கே தள்ளிவிடுவது.

முதலில், சாவியைத் திருப்பாதீர்கள்

தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பாதி இன்ஜின்களைக் கெடுக்கிறது. காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் இன்ஜினில் அழுத்தம் இன்னும் அதிகம் என்பதால் சேதமும் அதிகம்.

ஸ்டார்ட் செய்யாமல் இருந்திருந்தால் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில், ஃபில்டர் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை இது. சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் 'ஃபுல் இன்ஜின் வேலை' ஆகிவிடுகிறது. ஆகவே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியில் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது.

வண்டி கிளம்புவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பது தெரியும்படி நாலு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் இன்ஜினைப் பிரித்துவிட்டால், பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

பாதி காப்பாற்றும். முழு காப்பீடு வைத்திருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்றால், அது நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லி கிளெய்மை மறுப்பார்கள். அதற்குத்தான் 'இன்ஜின் புரொடக்ட்' என்ற கூடுதல் கவர் இருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் வரும் இன்ஜின் கோளாறுக்கு சாதாரண பாலிசியில் பணம் வராது. ஆனால் நிறுவனத்தின் நீட்டிக்கப்பட்ட வாரண்டி மிச்சம் இருந்தால் அங்கே கேட்கலாம்.

இன்னொரு எண்ணும் முக்கியம். பாலிசியில் 'ஐடிவி' என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். காரின் காப்பீட்டு மதிப்பு அது. ரிப்பேர் செலவு இந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காரை முழு இழப்பாகக் கணக்கிட்டு பணமாகக் கொடுத்துவிடுவார்கள். 4 வருடம் தாண்டி 5 வருடத்துக்குள் இருக்கும் காருக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிக்கப்படும். 5 வருடத்துக்கு மேல் என்றால் நீங்களும் நிறுவனமும் பேசி வைத்த தொகை. பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் குறையும் என்று ஐடிவியைக் குறைத்துப் போட்டவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள்.

கிளெய்ம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார். பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

'இன்ஜின் போச்சு' என்றால் எது போச்சு?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ரிப்பேரா விற்பனையா என்று யோசிப்பதே வீண். கேட்கும்போது ஒரே மாதிரி இருந்தாலும், சில ஆயிரத்தில் முடிவதும் லட்சத்தைத் தாண்டுவதும் இதே வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போன பிறகும், 'வீட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். கூலண்டும் ஆயிலும் கலந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த டீ நிறத்தில் நுரை தெரியும். இந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டால் கேஸ்கெட் மாற்றி, லேத்தில் ஹெட்டைச் சமப்படுத்தி மாட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டியிருந்தால் ஹெட்டே விரிசல் விட்டிருக்கும்.

டைமிங் பெல்ட் அறுந்ததா? பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி வால்வு வளைந்துவிடும். பெரும்பாலும் மேல்பாதி வேலையோடு முடியும். ஆயில் இல்லாமல் ஓடி 'இன்ஜின் பிடிச்சுக்கிச்சு' என்றால்தான் விஷயம் பெரிது. கிராங்க், பேரிங், பிஸ்டன், ரிங், போர் என்று அடிமட்டம் வரை போக வேண்டும்.

எனவே முதலில் நோய் கண்டறிதலுக்கு மட்டும் பணம் கொடுங்கள். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட், தேவைப்பட்டால் ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்ப்பது. இதற்கு எவ்வளவு கூலி, பிரித்த பிறகு வேலை வேண்டாம் என்றால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். இதைப் பேசாமல் விட்டவர்களுக்கு, டப்பா டப்பாவாகப் பிரித்துக் கிடக்கும் இன்ஜினோடு வேறு கடைக்குப் போகவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது.

சரிசெய்ய எத்தனை வழி?

உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து, லேத் பட்டறையில் போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன் ரிங் போடுவது ஒரு வழி. கை நல்ல கையாக இருந்தால் செலவு குறைவு, உழைப்பும் நிறைய. கை சரியில்லை என்றால் ஆறே மாதத்தில் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

நிறுவனத்திலிருந்து 'ஹாஃப் இன்ஜின்' வாங்கி மாட்டுவது இன்னொன்று. பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் புதிதாகச் சேர்ந்து வரும். செலவு அதிகம், தலைவலி குறைவு.

மூன்றாவது புதுப்பேட்டை. அங்கிருந்து பழைய இன்ஜின் எடுத்து மாட்டி வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்ஜின் நம்பர் மாறும் என்பதை மறக்கக் கூடாது. பில் இல்லாமல் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் புதிய நம்பரை ஏற்றாமல் விட்டால், நாளைக்கு கிளெய்ம் செய்யும்போதும் விற்கும்போதும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அந்த இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்றால் கதை இன்னும் மோசம். பில் தரமாட்டேன் என்று சொல்லும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எஸ்டிமேட் கேட்கும்போது ஆயில், கூலண்ட், இன்ஜின் மவுண்டிங், தேவைப்பட்டால் கிளட்ச், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எஸ்டிமேட்டை நீட்டினால் கேள்வி கேட்கலாம். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்பதிலும் தப்பில்லை.

இப்போது அந்தக் கணக்கு

மூன்று எண்கள் போதும். இதே மாடல், இதே வருடம், நல்லா ஓடும் நிலையில் இன்று என்ன விலைக்குப் போகும்? ஓடாத நிலையில், அப்படியே என்ன தருவார்கள்? ரிப்பேருக்கு எவ்வளவு? கடைசி எண்ணோடு 20 சதவீதமாவது கூட்டிக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பிரித்தால் எதிர்பாராத செலவு வராமல் இருப்பது அபூர்வம்.

ஒரு உதாரணம். ஓடினால் 2.8 லட்சம், ஓடாமல் 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1.6 லட்சம். ரிப்பேர் 90 ஆயிரம், 20 சதவீதம் கூட்டினால் 1.08 லட்சம். ரிப்பேர் செய்தால் 52 ஆயிரம் மிச்சம், செய்யலாம். இன்னொரு கார், பழைய டீசல். ஓடினால் 2.2 லட்சம், ஓடாமல் 90 ஆயிரம், இடைவெளி 1.3 லட்சம்தான். ரிப்பேர் 1.5 லட்சம், கூட்டினால் 1.8 லட்சம். அப்படியே விற்பதுதான் சரி. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு நீங்களே விசாரித்துப் போட வேண்டும். ஓடாத நிலைக்கு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், அதில் ஒருவர் இன்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக்காக இருக்கட்டும். சொந்தமாக வேலை பார்த்துக்கொள்வார் என்பதால் பெரும்பாலும் அவர்தான் கூடுதலாகத் தருவார்.

விலையையும் போன வருடத்து நினைப்பில் போடாதீர்கள். அதே 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான வரியும் 18 சதவீதமாகக் குறைந்தது. புது கார் விலை இறங்கினால் பழைய காருக்கும் அந்த அளவுக்கு மவுசு குறையும்.

'போன மாசம்தான் நாலு டயரும் மாத்தினேன், அதுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் பார்த்தேன்' என்று மனசு கணக்கு போடும். அந்தப் பணம் போனது போனதுதான். புது டயர் விற்கும் விலையை எவ்வளவு கூட்டுமோ அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

ஆனால் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. நம்ம காரோட குறை நமக்குத் தெரியும். அடுத்தவர் காரோட குறை வாங்கின பிறகுதான் தெரியும். பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டில் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக தினமும் வண்டி வேண்டும் என்றால், கணக்கு லேசாக எதிராக இருந்தாலும் ரிப்பேர் பக்கம் சாய்வேன். வெள்ளத்தில் சீட்டு வரை மூழ்கிய கார் என்றால் நேர்மாறு. இன்ஜினைச் சரிசெய்தாலும் ஒயரிங், சென்சார் என்று வருடம் முழுக்க ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

விற்பது என்று முடிவானால்

லோன் பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்து, வங்கியிடம் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். காரின் விலையை விட லோன் பாக்கி அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து போடத் தயாராக இருங்கள்.

இன்ஜின் பழுது என்பதை மறைக்காமல், 'பழுதான நிலையில் விற்கப்படுகிறது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். படிவம் 29, 30 கையெழுத்தாகி, பரிவாகன் தளத்தில் பெயர் மாறும் வரை வண்டி சட்டப்படி உங்களுடையதுதான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. கை மாறி கை மாறிப் போன கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. பதிவு பெற்ற டீலருக்கு விற்றால், வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் வசதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதைச் செய்தார்களா என்று கேட்டு நகல் வாங்குங்கள்.

யாரும் வாங்காத நிலை என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் 'சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்' தருவார்கள். ஆர்சியை ரத்து செய்ய அது உதவும், புது கார் வாங்கும்போது சலுகை கேட்கவும் காட்டலாம்.

இன்சூரன்ஸில் சேர்த்து வைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். கடைசியாக, கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கிழித்தால் மட்டும் போதாது, வங்கியில் கணக்கையும் மூட வேண்டும். இல்லையென்றால் வண்டியை விற்ற இரண்டு மாதம் கழித்து, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பரனூர் டோலில் பணம் எடுத்ததாக மெசேஜ் வரும்.